இரவல் ஆக்சிஜன்

எங்கள் அண்ணிக்குப் பயம் கூடப்பிறந்தது. அடுப்பில் பால் வைத்தால் பொங்கி வழிந்துவிடுமோ என்று பயம், பொங்கவில்லையென்றால் ஏன் பொங்கவில்லை என்று பயம். அப்படிப்பட்டவரைத்தான் எங்கள் பகுதி சுகாதார நிலையத்துக்கு ஒரே நர்ஸாகப் போட்டிருந்தார்கள். அதைக் கட்டியபோது சுற்றிலும் காலி மனைகள். இப்போது திரும்பின பக்கமெல்லாம் அடுக்குமாடி முளைக்கிறது. நர்ஸ் மட்டும் முளைக்கவில்லை. டாக்டர் இன்னொரு இடத்தையும் பார்த்துக்கொண்டு ஒருநாள் விட்டு ஒருநாள் வருவார். டோக்கன் கொடுக்க ஆளில்லாமல், நாத்தனாரான என்னை அண்ணியே நியமித்துக்கொண்டார். சம்பளம், அவருடைய சாப்பாட்டு டப்பாவில் பாதி.

அந்த வருடம் ஒரு பேச்சு கிளம்பியது. கருவிகள் சரியாக இல்லாத நிலையங்களை மூடி, பெரிய ஆஸ்பத்திரியோடு சேர்த்துவிடுவார்களாம். எங்களிடம் ஆக்சிஜன் மெஷின் இல்லை. கேட்டுக் கேட்டு அண்ணிக்கு வாய் வலித்ததுதான் மிச்சம். பெரிய ஆஸ்பத்திரிக்குப் போக இரண்டு பஸ் மாற வேண்டும். மூச்சுத் திணறுகிறவன் எந்த பஸ்ஸுக்குக் காத்திருப்பான்? அதிகாரி சோதனைக்கு வருகிறார் என்றதும் அண்ணிக்குச் சோறு இறங்கவில்லை.

"இல்லாததை இல்லன்னு காட்டுங்க அண்ணி. அப்பதானே தருவாங்க?" என்றேன்.

"தராம பூட்டிட்டுப் போயிட்டா?"

கடைசியில் பக்கத்து நிலையத்து நர்ஸ் கைகொடுத்தார். அண்ணியோடு ஒன்றாகப் படித்தவர். தடித்த கண்ணாடி போட்டிருப்பதால் எனக்குக் கண்ணாடி அக்கா. அதிகாரி காலையில் எங்களிடம் வருகிறார், மதியம் அவரிடம். அதற்குள் மெஷினைத் திருப்பிக் கொண்டுபோய்விடலாம் என்று ஏற்பாடு. ஆட்டோவில் அதைக் கட்டிப்பிடித்துக்கொண்டு வந்து இறக்கிவிட்டு, பின்வாசலில் காத்திருந்தார்.

அதிகாரி வந்தார், மெஷினைப் பார்த்தார், தலையாட்டினார். அண்ணிக்குப் போன உயிர் திரும்பி வந்தது. அதிகாரி டீ குடித்துக்கொண்டிருக்கும்போதே நாலு பேர் ஒருவனைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்தார்கள். புதுக் கட்டடத்தில் சிமெண்ட் மூட்டை இறக்குகிறவன். உதடு நீலம் பாரித்திருந்தது. அண்ணி அவன் மூக்கில் குழாயைப் பொருத்தி மெஷினைப் போட்டார்.

ஆம்புலன்ஸ் வர நேரமாகும் என்றார்கள். அதிகாரியோ கிளம்ப எழுந்துவிட்டார். பின்வாசலில் கண்ணாடி அக்கா கையைப் பிசைந்தார். மெஷினைக் கொடுத்தால் இந்த ஆள் பிழைக்க மாட்டான். கொடுக்காவிட்டால் அக்கா மாட்டிக்கொள்வார்.

"சார்," என்றார் அண்ணி. "இது எங்களோடது இல்ல. பக்கத்து சென்டரோடது. நீங்க வர்றீங்கன்னு இரவல் வாங்கினேன். ரெண்டு இடத்துக்கும் இது ஒண்ணுதான். அவங்களை ஒண்ணும் சொல்லாதீங்க, தப்பு என்னோடது."

அதிகாரி கத்தவில்லை. மனிதர் நல்லவர், அதுதான் வினையாகப் போயிற்று. மூச்சு வாங்குகிறவனையும் வாசல்வரை நின்ற கூட்டத்தையும் பார்த்தார்.

"இங்கதானே கூட்டம் அதிகம்? மெஷின் இங்கயே இருக்கட்டும்மா. புதுசு வந்தா அங்க குடுத்துக்கலாம்."

பிரச்சினை தீர்ந்துவிட்டதாம்! எனக்கு வந்த கோபத்துக்கு டோக்கன் கட்டைத் தூக்கி அவர்மேல் எறிந்திருப்பேன். கண்ணாடி அக்கா காலி ஆட்டோவில் ஏறிப் போனார்.

மூட்டைக்காரன் பிழைத்தான். நிலையமும் பிழைத்தது. ஊரே அண்ணியைக் கொண்டாடியது. அவருக்கு மட்டும் ஃபோன் அடித்தாலே உடம்பு பதறியது. புதுசு வரவில்லை.

மழை பிடித்துக்கொண்ட ஒரு காலையில் கண்ணாடி அக்கா கூப்பிட்டார். குசலம் விசாரிக்கவில்லை, திட்டவுமில்லை.

"ஏய், இங்க ஒரு பாப்பாவுக்கு மூச்சே விட முடியலடி. மெஷினை அனுப்ப முடியுமா? இப்ப யாராவது போட்டிருக்காங்களா?"

அண்ணி திரும்பிப் பார்த்தார். மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. கட்டிலில் ஒரு பெரியவர்; அவர் மகள் நெஞ்சைத் தடவிக்கொடுத்தபடி அண்ணியையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"போட்டிருக்காங்கடி," என்றார் அண்ணி.