ஆரோக்கியமேரி அக்காவின் கையெழுத்து

ஆரோக்கியமேரி அக்கா இன்று காலை போய்விட்டார். விழுப்புரம் ஆஸ்பத்திரியில். சர்க்கரை, அப்புறம் கிட்னி...

திண்டிவனத்துக்காரர்களுக்குத் தெரிந்திருக்கும். பேங்குக்கு எதிரே தள்ளுவண்டியில் இட்லிக்கடை போட்டிருந்தாரே, அவர்தான்.

தொண்ணூறுகளில் பேங்கில் கணக்கு ஆரம்பிக்க, அங்கே ஏற்கெனவே கணக்கு உள்ள ஒருவர் "இவரை எனக்குத் தெரியும்" என்று கையெழுத்துப் போட வேண்டும். இப்போதைய பிள்ளைகள் நம்ப மாட்டார்கள்.

அப்பா சென்னையில் சாரம் சரிந்து இறந்தபோது கம்பெனி ஒரு செக் கொடுத்தது. கோடு போட்ட செக். கணக்கு இருந்தால்தான் காசு. கூலி வேலை பார்த்த அம்மா கணக்குக்கு எங்கே போவாள்?

கல்யாணமாகி வந்த நாளிலிருந்து அம்மா யார் நிலத்தில் களை எடுத்தாளோ, அவரிடம் போய் நின்றோம். "உன்னத் தெரியாதாம்மா எனக்கு? ஆனா கையெழுத்துன்னா அது வேற" என்றார். மல்லாட்டை, அதான் வேர்க்கடலை, பிடுங்கக் கூப்பிடும்போது மட்டும் நன்றாகத் தெரியும்.

செக்குக்குக் கெடு முடிகிற வாரம். அம்மா பேங்க் வாசலிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

"இன்னாம்மா, மூணு நாளா வந்துக்கினு போய்க்கினு இருக்கற?" என்று அக்காதான் வந்து கேட்டார். அம்மா சொல்லி அழுதாள். அக்கா கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு எங்களோடு உள்ளே வந்தார். யாரோ ஒரு மேனேஜர் டார்கெட்டுக்காக ஆரம்பித்துக் கொடுத்த கணக்கு அவருக்கு இருந்தது.

"இவங்கள உங்களுக்கு எவ்ளோ நாளாத் தெரியும்?" என்றார் கிளார்க்.

"மூணு நாளா சார். உங்க வாசல்லதான குந்திக்கினு இருக்காங்க. உங்களுக்கும் அவ்ளோ நாளாத் தெரியும்."

கிளார்க் தலையில் அடித்துக்கொண்டு மூன்று வருடம் என்று எழுதினார். அந்தப் பணத்தில்தான் நான் படித்தேன்.

அதற்கப்புறம் கொத்தனார், பூக்காரம்மா, செங்கல் சூளை ஆட்கள்... யார் வந்து நின்றாலும் அக்கா போட்டார். "அக்கா கடையில இட்லி துன்னா அக்கவுண்ட் ஃப்ரீ" என்று பேங்க் பியூன் கிண்டல் செய்வார்.

ஊருக்குப் புதிதாக மாற்றலாகி வந்த ஒரு வாத்தியாருக்கும் போட்டார். அவருக்கும் அப்போது ஊரில் யாரையும் தெரியாது.

சில வருடம் கழித்து முனிசிபாலிட்டிக்காரர்கள் வண்டியை எடுக்கச் சொல்லிவிட்டார்கள். பக்கத்திலேயே ஒரு கடை வாடகைக்கு வந்தது. அட்வான்ஸுக்காக அதே பேங்கில் லோன் கேட்டார் அக்கா. நிரந்தரச் சம்பளக்காரர் ஒருவர் ஜாமீன் போட வேண்டும் என்றார்கள்.

அதற்குள் படித்து முடித்து வேலையில் சேர்ந்திருந்த நான் போய் நின்றேன். கான்ட்ராக்ட் வேலை செல்லாது என்று அனுப்பிவிட்டார்கள்.

வாத்தியாரிடம் போனார். "வீட்ல கேட்டுச் சொல்றேம்மா" என்றார். இன்றுவரை கேட்டுக்கொண்டே இருக்கிறார் போல.

அக்கா தண்டலில் வாங்கினார். தினமும் சாயந்திரம் வந்து வட்டியோடு பிடுங்கிக்கொண்டு போவார்கள். ஒரு வருடத்தில் கடையும் போனது, கழுத்தில் காதில் கிடந்ததும் போனது. கடைசிவரை விழுப்புரத்தில் கல்யாண மண்டபத்தில் பாத்திரம் கழுவினார்.



கொஞ்ச காலம் முன்பு பஸ் ஸ்டாண்ட் பக்கம் பேங்க்காரர்கள் பந்தல் போட்டு, எல்லோருக்கும் கணக்கு ஆரம்பித்துக் கொடுத்தார்கள். அக்காவும் நானும் நின்று பார்த்தோம். ஃபாரம் எழுதிக்கொண்டிருந்த பேங்க் பையனிடம் அக்கா கேட்டார்.

"இப்ப யாரும் கையெழுத்துப் போட வேணாமா தம்பி?"

"வேணாம்மா. ஆதார் போதும்."

"லோனுக்கு?"

அந்தத் தம்பி சிரித்தான். "அதுக்கு வேணும்மா."

இப்போது வாட்ஸப்பில் வாத்தியார் போட்டிருக்கிறார்: "தங்கமான மனுஷி. RIP." கூடவே கைகூப்பும் படம் மூன்று.

சார், இதையும் நீங்கள் படிப்பீர்கள் என்று தெரியும். நாளைக் காலை மாதா கோயிலில் பூசை, பிறகு கல்லறைத் தோட்டத்தில் அடக்கம். வந்து ஒரு பிடி மண் போட்டுவிட்டுப் போங்கள். கையெழுத்து எதுவும் கேட்க மாட்டோம்.

போய் வாருங்கள் அக்கா...