ஓக் மரத்தில் கேட்ட சொடுக்கு

வீப்கே பதினெட்டு வருடமாகக் கட்டடமே இல்லாத காட்டு மழலையர் பள்ளியில்தான் வேலை பார்க்கிறாள். மழைக்கு ஒதுங்கச் சக்கரம் வைத்த மரவண்டி ஒன்று உண்டு. மற்றபடி பதினான்கு வாண்டுகளும் நாள் முழுக்கச் சேற்றிலும் சருகிலும்தான். முன்பு வங்கியில் இருந்தவள். அங்கே ஜன்னல் திறக்காது என்றே விட்டுவிட்டு வந்தாள்.

காற்று பலமாக அடித்தால், கிளை விழும் என்று அவர்கள் காட்டுக்குள் போவதில்லை. அந்தக் கோடையிலோ ஓர் இலைகூட அசையவில்லை. மூன்றாம் வருடமாக மழை ஏமாற்றியிருந்தது. ஜூலையிலேயே ஓக் மரங்கள் இலையை உதிர்க்கத் தொடங்கின.

பிள்ளைகளுக்கு அப்போது ஒரே விளையாட்டு. விழுந்து கிடந்த மரத்தின் ஒரு முனையில் ஒருத்தர் நகத்தால் சுரண்டுவார். மறுமுனையில் காதை வைத்தவருக்கு அது கேட்கும். ஐந்து வயது ஃபென்யா, காலைச் சாப்பாட்டுக்கு எல்லோரும் அடியில் உட்காரும் பெரிய ஓக்கிலும் காதை வைத்தாள்.

"வீப்கே, உள்ள யாரோ விரல் சொடுக்குறாங்க."

"வண்டா இருக்கும் செல்லம்."

"வண்டு கரகரன்னு கேக்கும். இது அது இல்ல."

வீப்கேயும் காதை வைத்தாள். முதலில் தன் நெஞ்சு அடிப்பதுதான் கேட்டது. பிறகு, ஆழத்தில், ஒரு சொடுக்கு. வெகுநேரம் கழித்து இன்னொன்று. 

கூட வேலை செய்யும் ஹோல்கர் சிரித்தான். "போன மாசம்தானே வனத்துறைக்காரர் தட்டிப் பாத்துட்டுப் போனாரு? அவரவிட இந்த வாண்டுக்கு அதிகம் தெரியுமோ?"

"அவர் தட்டித்தான் பாத்தாரு. இவ காத வச்சுக் கேட்டிருக்கா. உள்ள எங்கயோ விரிசல் விடுது."

மரத்தைச் சுற்றிக் கயிறு கட்டிவிட்டு, சாப்பாட்டை ஓடைக்கு அக்கரைக்கு மாற்றினாள். வனத்துறைக்குச் சொன்னாள், அடுத்த வாரம் வருவதாகச் சொன்னார்கள். எட்டு நாளாகியும் யாரும் வரவில்லை, மரத்துக்கும் ஒன்றும் ஆகவில்லை. "நீங்களே பயந்தா பிள்ளைங்க எப்படிங்க காட்டுல விளையாடும்?" என்று ஒரு தாய் கேட்டாள். வீப்கேக்கே தன்மேல் சந்தேகம் வந்துவிட்டது.

ஒன்பதாம் நாள் குட்டிப் பையன் தீஸின் தொப்பி கயிற்றுக்கு உள்ளே கிடந்தது. யார் எறிந்தார்களோ! அவன் அழ ஆரம்பித்தான்.

"ரெண்டே நிமிஷம்" என்று ஹோல்கர் ஓடையைத் தாண்டிப் போனான்.

"ஹோல்கர், வேணாம்!"

அவன் கையை ஆட்டிவிட்டுக் கயிற்றைத் தாண்டினான். குனிந்தான். துணி கிழிவது போல ஒரு சத்தம். ஆள் பருமன் கிளை அப்படியே கீழே வந்தது.

ஓடப் போன கால்களை வீப்கே நிறுத்திக்கொண்டாள். பதினான்கு பிள்ளைகள், இவள் ஒருத்தி. விளையாட்டில் பழக்கியிருந்த கூவலைக் கொடுத்தாள். எல்லோரும் வந்து ஒட்டிக்கொண்டார்கள். தலைகளை எண்ணினாள், ஆம்புலன்ஸைக் கூப்பிட்டாள். அங்கிருந்தே கத்தினாள்.

"பேசிட்டே இரு ஹோல்கர்!"

"நீ சொன்னதுதான் சரி... போதுமா?" என்றது இலைகளுக்குள்ளிருந்து ஒரு குரல். கொஞ்ச நேரத்தில் அதுவும் நின்றது. ஆம்புலன்ஸ் வர இருபது நிமிடம் ஆனது. அதுவரை வீப்கே கத்திக்கொண்டே இருந்தாள்.

ஹோல்கர் பிழைத்தான். உடைந்த தொடை எலும்பு கூடிவிட்டது. ஆனால் காட்டுக்குத் திரும்பவில்லை. இப்போது ஊருக்குள், கூரை போட்ட பள்ளியில் இருக்கிறான்.

செப்டம்பரில் பிள்ளைகளே ஒரு விளையாட்டைக் கண்டுபிடித்தார்கள். ஒருத்தர் ஹோல்கர், சருகுக்குள் படுக்க வேண்டும். மற்றவர்கள் தள்ளி உட்கார்ந்து கத்த வேண்டும். தினமும், அன்று தொப்பிக்கு அழுத தீஸ்தான் படுத்தான். வேறு யாரையும் விடவில்லை. வீப்கே அதை நிறுத்தச் சொல்லவில்லை.

ஒரு நாள் அவன் பக்கத்தில் குந்தி, "இன்னைக்கு நான் படுக்கட்டுமா?" என்றாள்.

அவன் யோசித்தான். எழுந்து இடம் விட்டான். "அசையக் கூடாது. நாங்க கிட்ட வர மாட்டோம்."

அவள் படுத்தாள். அவர்கள் அவள்மேல் சருகை அள்ளிப் போட்டுவிட்டு விலகிப் போனார்கள். எங்கோ தொலைவிலிருந்து தீஸ் கத்தினான்: "பேசிட்டே இரு!"

தலைக்கு மேலே கிளைகள். வீப்கே பேசிக்கொண்டே இருந்தாள்.