முன்னேற்பாடும் மல்லாந்த குதிரையும்

அவள் பெயரை நான் முதலில் கேட்டது என் பெரியக்கா வீட்டு அடுப்படியில். "முன்னேற்பாடு நாளைக்கு வர்றா, வீட்டை ஒழுங்கா வைங்கடா" என்று அக்கா மகன்களை விரட்டிக்கொண்டிருந்தாள். இரண்டாவது மகனுக்குப் பேசி முடித்த பெண்ணுக்குத்தான் அந்தப் பட்டப்பெயர். கொளுத்துகிற வெயிலில் மழைக்குக் கூரை பார்க்கிறவள். அவள் அம்மா என் நாத்தனாருக்கு ஒன்றுவிட்ட தங்கை. எனக்கு இரண்டு பக்கமும் உறவு.

கல்யாணமாகி வந்தவள் புருஷனோடு எம்ப்ராய்டரி கடையில் உட்கார்ந்தாள். பள்ளிக்கூடச் சட்டைப் பையில் குதிரைச் சின்னம் போடுவதுதான் அவர்களுக்குச் சோறு. கம்ப்யூட்டரிலிருந்து படத்தை அனுப்பினால் மெஷின் தைத்துவிடும்.

ஒருநாள் அந்தக் கம்ப்யூட்டரே, இந்தப் பழைய விண்டோஸுக்கு இனி அப்டேட் வராது என்று எழுதிக் காட்டியது. அக்கா மகன் அதை மூடிவிட்டு வேலையைப் பார்த்தான். அவள் விடவில்லை.

"நல்லாத்தானே ஓடுது? சும்மா கிடக்கிறதை நோண்டாதே" என்றான் அவன்.

"ஓடும்ங்க. ஆனா திருடன் நுழையிற மாதிரி புதுசா ஓட்டை விழுந்தா அடைக்க ஆள் வரமாட்டாங்க. மெயிலு, பேங்க் எல்லாம் இதுலதானே பாக்குறோம்? புதுசு ஒண்ணு வாங்கிருவோம்."

"மெஷின் புதுக் கம்ப்யூட்டர் பேச்சைக் கேக்கலேன்னா? கடையை இழுத்து மூட வேண்டியதுதான்."

"அதனாலதான் இப்பவே பாத்துருவோம்ங்கறேன். ஸ்கூல் திறக்குறப்ப தலையில கைவச்சு உக்காரவா?"

உள்ளுக்குள் அவளுக்கும் அதே பயம்தான். படங்களையெல்லாம் இரண்டு இடத்தில் நகல் எடுத்து வைத்தாள். பழைய பெட்டியைத் தூக்கிப் போடாமல் இன்டர்நெட் வயரை மட்டும் பிடுங்கினாள். ரிப்பேர்காரரைக் கூப்பிட்டுப் புதுசை மாட்டினாள். தைத்துப் பார்க்கப் புருஷன் சட்டை ஒன்றை எடுத்துக்கொண்டாள். நானும் அன்று கடையில் இருந்தேன்.

மெஷின் தடதடவென்று ஓடியது. "கேக்குது சித்தி!" என்று என் கையைப் பிடித்துக் குதித்தாள். மெஷினிலிருந்து சட்டையைக் கழற்றிப் பார்த்தால், குதிரை நாலு காலையும் தூக்கிக்கொண்டு மல்லாந்து கிடக்கிறது!

"ஓடுற குதிரையைப் படுக்கப் போட்டுட்டியே!" என்றான் அக்கா மகன்.

"நான் குதிரையத் தொடவே இல்லண்ணே" என்று ரிப்பேர்காரர் வியர்த்தார்.

அவள் முகம் சுண்டிப்போயிற்று. சிரித்துக்கொண்டிருந்த அக்கா மகன் சட்டென்று நெற்றியில் அடித்துக்கொண்டான். "அடச்சே, நான் பண்ணுன வேலைதான் இது!"

மெஷினைச் சுவரோடு ஒட்டிப் போட்டவன் அவன்தான். அந்தப் பக்கம் சட்டை தொங்க இடமில்லாததால் தலைகீழாக மாட்டுவார்கள். படமும் தலைகீழாகப் போகட்டும் என்று பழைய கம்ப்யூட்டரில் என்றைக்கோ சொல்லிவைத்துவிட்டு, மறந்தே போய்விட்டான். புதுசுக்கு அதை யார் சொன்னது?

சொன்னார்கள். அதே சட்டையில், படுத்த குதிரைக்குப் பக்கத்திலேயே இன்னொரு குதிரை ஜம்மென்று நிமிர்ந்து ஓடியது.

"இதைப் போட்டுட்டு நான் எங்கடி போறது?"

"லாயத்துக்குப் போங்க!"

எனக்குச் சிரித்துச் சிரித்து வயிறு வலித்துவிட்டது. பள்ளிக்கூடம் திறக்கும் முன்பே சட்டைகளெல்லாம் போய்ச் சேர்ந்தன.

இப்போது அவள் அதே கடையில்தான் இருக்கிறாள். இரண்டாவது மெஷினும் வாங்கிப் போட்டிருக்கிறாள்.