படியேறி வந்த கங்கை

தொண்ணூறுகளின் கடைசியில், நாங்கள் டெல்லி ஆர்.கே.புரம் குவார்ட்டர்ஸில் குடியிருந்தபோது நடந்தது. நான் திருச்சிக்காரி. ஆடிப்பெருக்கென்றால் காவேரிக்கரையில் சித்ரான்னம் சாப்பிட்டு வளர்ந்தவள், கல்யாணமாகி டெல்லி வந்ததும் பக்கெட் தண்ணீருக்குக் குங்குமம் வைத்துக் கும்பிட்டுக்கொண்டிருந்தேன். யமுனைக்குப் போகலாமே என்பீர்கள். டெல்லியில் யமுனையைப் பார்த்தவர்கள் அப்படிச் சொல்ல மாட்டார்கள்!

என் புலம்பல் தாங்காமல் அந்த வருஷம் கணவர், கங்கைக்கரைக் கிராமம் ஒன்றில் வெள்ளைக்காரன் காலத்துப் பங்களாவில் அறை பிடித்தார். வயதான கணவன் மனைவி நடத்தினார்கள். இரவு தங்கலாம், காலையில் அந்த அம்மாள் கையால் ஆலு பராத்தா. உயரமான கூரை, தடித்த சுவர், தோட்டத்திலிருந்து ஆற்றுக்கு இறங்கும் கல்படிகள். எனக்குத் தலைகால் புரியவில்லை.

மறுநாள்தான் பதினெட்டாம் பெருக்கு. விடிந்து ஜன்னலைத் திறந்தால் படிகளைக் காணோம். மலையில் மழையாம்; தண்ணீர் தோட்டத்துக்குள்ளேயே வந்திருந்தது. நாங்கள் தேடி வந்த ஆறு வாசலுக்கே வந்துவிட்டதே என்று எனக்கு ஒரே சந்தோஷம். கையோடு கொண்டுபோன எலக்ட்ரிக் குக்கரில் சாதம் வைத்து, புளி, எலுமிச்சை, தயிர் என்று கலந்து, வராந்தா ஓரத்தில் மஞ்சள் பிள்ளையார் பிடித்து, காதோலை கருகமணி வைத்து விளக்கேற்றினேன். அந்த அம்மாள் வந்து என்ன பூஜை என்று கேட்டார். ஆறு பெருகுவதைக் கொண்டாடுகிறோம் என்று அரைகுறை ஹிந்தியில் பெருமையாகச் சொன்னேன்.

அவர் முகம் மாறிவிட்டது. கையில் சுருட்டிய ஜமக்காளம். பின்னால் அவர் கணவர் நாற்காலிகளை மாடிக்குத் தூக்கிக்கொண்டிருந்தார்.

"போன வெள்ளத்துல கட்டில் வரைக்கும் தண்ணி வந்துது மகளே. இறங்கணுமேன்னு நான் ராமா ராமான்னு சொல்லிட்டிருக்கேன். நீ என்னடான்னா ஏறி வான்னு விளக்கு வைக்கிறியா?"

என் கணவர், மூட்டையைக் கட்டு என்று ஜாடை காட்டினார். மனசு கேட்காமல் அந்த அம்மாளின் கையைப் பிடித்துக்கொண்டேன்.

"ஆன்ட்டிஜி, இந்த மாசம் ஆறு பிள்ளைத்தாச்சின்னு எங்க ஊர்ல சொல்லுவோம். மசக்கைக்காரிக்கு ஆசைப்பட்டதைக் கொடுத்தா, வயிறு குளிர்ந்து அவ பாட்டுக்குப் போயிடுவா. அதுக்குத்தான் இத்தனை சாதம்."

அவர் ஜமக்காளத்தைக் கீழே போட்டுவிட்டு உள்ளே போனார். திரும்பி வரும்போது கையில் ஒரு கிண்ணம் மாங்காய் ஊறுகாயும் ஒரு ஜோடி கண்ணாடி வளையலும் இருந்தன.

"அவளுக்கு இதையும் வை" என்று என் பக்கத்தில் உட்கார்ந்தார்.

கும்பிட்டு முடித்ததும் நாங்களும் சேர்ந்து சாமான்களைத் தூக்கினோம். கோதுமை மூட்டையைத் தூக்கிய என் கணவர் இரண்டு நாள் இடுப்பைப் பிடித்துக்கொண்டு நடந்தது தனிக்கதை. தண்ணீர் வராந்தாவுக்கு ஏறவில்லை. மத்தியானத்துக்கு மேல் மெல்ல வடிய ஆரம்பித்தது. நாலு பேரும் மாடியில் உட்கார்ந்து சித்ரான்னத்தைக் காலி செய்தோம். புளியோதரையை அந்த அம்மாள் இரண்டு தடவை கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்.

பூஜையால்தான் வடிந்தது என்று நான் சொல்லவில்லை. ஆனால் இன்றும் ஆடிப்பெருக்கன்று, பெருகி வா தாயே என்று கும்பிடும்போதெல்லாம், கரையில் இருப்பவர்கள் வீட்டுக்குள் மட்டும் போய்விடாதே என்றும் சேர்த்துத்தான் வேண்டிக்கொள்கிறேன்.