சுண்ணாம்புக் குழியில் குறி தவறிய குண்டு

வேலைக்குச் சேர்ந்து பயிற்சிக் காலம்கூட முடியவில்லை, அதற்குள் என் குண்டு குறி தவறிவிட்டது. பயப்பட வேண்டாம். பெரம்பலூரில் ஒரு சின்ன ஆபீஸில் போர் விமான சிமுலேட்டர் செய்துகொண்டிருந்தோம். கம்ப்யூட்டரில் ஓட்டுகிற விமானம், கம்ப்யூட்டரில் வெடிக்கிற குண்டு. இலக்கு இருக்கும் இடத்தையும் அதன் உயரத்தையும் கொடுத்துவிட்டால் தானே வழி பார்த்துப் போய் விழுகிற ஜிபிஎஸ் குண்டின் புரோகிராம் என் பொறுப்பு. அரியலூரிலிருந்து தினமும் பஸ்ஸில் வந்து எழுதியது.

1. யார் எழுதினது?

புது மேப் ஒன்றை வெளியிட்டோம். நடுவில் பெரிய சுண்ணாம்புக்கல் குழி, எங்கள் ஊர்ப் பக்கம் சிமெண்டுக்காக வெட்டுகிற மாதிரியே. குழிக்குள் நிற்கும் லாரிதான் இலக்கு. வெளியான அன்று காலையிலேயே ஒரு வாடிக்கையாளர் போன் செய்தார்.

"ஏங்க, எத்தன தடவ போட்டாலும் லாரிய தாண்டித்தாங்க விழுது. காசு குடுத்து வாங்கிட்டு நான் என்ன குழி தோண்டிக்கிட்டு இருக்கவா?"

மேனேஜர் எல்லார் முன்னாலும் கேட்டார். "குண்டு புரோகிராம் யாரு எழுதினது? செல்வியா? சாயந்தரத்துக்குள்ள சரியாகலன்னா புது மேப்ப எடுத்துட்டுப் பழசையே போட்டுடுங்க. அந்தப் பொண்ணு நாளையிலேருந்து வர வேணாம்."

எனக்குக் கையும் ஓடவில்லை காலும் ஓடவில்லை. எங்கள் வீட்டில் ஆபீஸ் வேலைக்குப் போன முதல் ஆள் நான். காற்றின் கணக்கை மாற்றினேன். குண்டின் இறக்கை திரும்பும் வேகத்தை மாற்றினேன். என்ன மாற்றியும் அது லாரியைத் தாண்டியே விழுந்தது.

2. எங்கே தவறவில்லை?

அன்வர் அண்ணன், நாங்கள் எழுதியதை ஓட்டிப் பார்த்துத் தப்பு கண்டுபிடிக்கிற டெஸ்டர், லப்பைக்குடிக்காட்டுக்காரர். என்னைவிட இரண்டு வயதுதான் கூட. யாராவது பதறினால் டீ வாங்கி வந்து வைப்பார். அன்று அதுவே எனக்கு எரிச்சலாக இருந்தது.

"ஏம்மா, கைய எடு. இனி ஒன்னையும் மாத்தாத" என்று கீபோர்டை இழுத்துக்கொண்டார்.

விமானத்தைக் கிழக்கிலிருந்து ஓட்டி வந்து குண்டைப் போட்டார். குண்டு லாரிக்கு மேற்கே விழுந்தது. மேற்கிலிருந்து வந்து போட்டார். கிழக்கே விழுந்தது.

"காத்தா இருந்தா ஒரே பக்கமால்ல தள்ளும்?"

"ஆமாண்ணே."

"சரி, குழிக்கு வெளிய போட்டுப் பாத்தியா?"

பார்க்கவில்லை. மேலே சமதரையில் ஒரு லாரியை நிறுத்திப் போட்டோம். லாரி மேலேயே விழுந்தது.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. குண்டு சாய்வாக இறங்கும். லாரி பள்ளத்தில் நிற்க, குண்டிடம் சொன்ன உயரம் மேல்தரையின் உயரமாக இருந்தால், லாரிக்கு மேலே அந்தரத்தில் ஓர் இடத்தைக் குறி பார்க்கும். அதைச் சரியாகக் கடந்து, அதே சாய்வில் போய் அப்பால் விழும். கிணற்று மேட்டிலிருந்து சாய்த்து எறிந்த கல் எதிர்ச்சுவரில் மோதுகிற மாதிரி.

மேப் தயாரித்தவர்கள் குழியைக் கடைசியில்தான் வெட்டியிருந்தார்கள். கண்ணுக்குத் தெரிகிற தரை இறங்கியது, குண்டு உயரம் படிக்கிற ஃபைல் பழையபடியே இருந்தது. அதைத் திருத்திப் போட்டதும் லாரி சிதறியது. நான் அழுதேவிட்டேன்.

மேனேஜர் வந்து மறுபடி போடச் சொன்னார். மறுபடியும் சிதறியது.

"இதக் காலையிலேயே பாத்திருக்கலாம்ல அன்வர்?"

"யாரு தப்புன்னுதான் சார் கேட்டீங்க. எங்க தப்புன்னு கேக்கலையே."

கத்தப் போகிறார் என்று நினைத்தேன். கத்தவில்லை. "நாளைக்கு வந்துடும்மா" என்று என்னிடம் சொல்லிவிட்டுப் போனார்.

3. உங்களுக்கு

இப்போது புகார்களைப் பிரித்துக் கொடுப்பது நான். ஒவ்வொரு புகாரோடும் யாராவது ஒருவர் பெயரும் சேர்ந்து வரும். புதிதாக வந்திருக்கும் தம்பி தங்கைகளே, பெயரை விடுங்கள். எங்கே சரியாக வேலை செய்கிறது என்று முதலில் பாருங்கள், தப்பு இருக்கும் இடம் தானாகச் சுருங்கும்.

அன்வர் அண்ணனுக்கு அன்று நன்றி சொன்னேனா என்று நினைவில்லை. அழுகையில் விட்டிருப்பேன். என் மேல் நம்பிக்கை வைத்தார் என்றும் சொல்ல முடியாது, அவருக்கு என்னை அவ்வளவாகத் தெரியாது. சரியாகத் தெரியாத ஒருத்தி மேல் வீண்பழி விழக்கூடாது என்று உட்கார்ந்து பார்த்தார். அதனால்தான் இன்று உங்களுக்கு இதை எழுத ஒரு நாற்காலி எனக்கு இருக்கிறது.