அமிர்தம் அக்கா மாற்றிய விசைகள்

அமிர்தம் அக்கா போய்விட்டார் என்று சுரக்குடியிலிருந்து அவருடைய தம்பி அலுவலகத்துக்குப் போன் செய்தார். நான் விஷயத்தைச் சொன்னதும் எங்கள் மேலாளர் கேட்ட முதல் கேள்வி: "அப்ப இனிமே கம்ப்யூட்டர யாரு அடிப்பா?" அதனால்தான் நம் சங்க இதழில் இதை எழுதுகிறேன். அக்காவை அறிந்தவர்கள் அழுங்கள். மேலாளர் மட்டும் வயிறெரிந்து படிக்கட்டும்.

பிரெஞ்சுக்காரர்கள் ஆண்ட எங்கள் ஊரில் அக்கா தட்டச்சு கற்றது பிரெஞ்சு இயந்திரத்தில். ஆங்கில இயந்திரத்தில் க்யூ இருக்கும் இடத்தில் அதில் ஏ இருக்கும். எங்கள் நெல் மண்டி அலுவலகத்தில் எழுபதுகள் முழுக்க அப்படி ஒரு பழைய இயந்திரத்தில்தான் அடித்தார். விசைகளைப் பார்க்கவே மாட்டார். "எனக்குக் கண்ணு வெரல்லதான்டி இருக்கு" என்பார்.

பிறகு கம்ப்யூட்டர் வந்தது, ஆங்கில வரிசையோடு. அக்கா ஏ என்று அடித்தால் க்யூ விழுந்தது. மேலாளர் அந்தத் தாளை எல்லோர் முன்னாலும் உரக்கப் படித்துக் காட்டினார். "பிரெஞ்சுக்காரன் போயி எத்தன வருஷமாச்சு? ஒன் வெரலு மட்டும் இன்னும் அவன்கூடயே இருக்கு. மாசக் கடைசியோட நின்னுக்கம்மா, நானே அடிச்சுக்கறேன்." வயதான தாய்க்கு அக்காவின் சம்பளம்தான் சோறு. அது மேலாளருக்கும் தெரியும்.

அக்கா அழவில்லை. சாப்பாட்டு வேளையில் கம்ப்யூட்டரோடு வந்த தடிப் புத்தகத்தைப் படித்தார். பல நாடுகளின் விசை வரிசை அதற்குள்ளேயே இருக்கிறது என்று கண்டுபிடித்தார். இயந்திரத்தைப் போட்டதும் அது தானாகப் படிக்கும் கோப்பு ஒன்று உண்டு. பிரெஞ்சு வரிசைக்கு மாறச் சொல்லி அதில் ஒரு வரி சேர்த்தார். அதன் பிறகு விசையின் மேல் எழுதியிருப்பது ஒன்று, திரையில் விழுவது வேறு. அணைத்துப் போட்டாலும் மாறாது. என்னிடம் மட்டும் சொன்னார்: "பாத்து அடிக்கறவன் படட்டும்டி."

மேலாளர் நன்றாகவே பட்டார். டைப்ரைட்டர் பழுது பார்ப்பவரை வரவழைத்துத் தூசி தட்டச் சொன்னார். புது விசைப்பலகையே வாங்கி மாட்டினார். அதிலும் அதே கதை. மாசக் கடைசியில் முதலாளி வந்து பின்னால் நிற்க, அவர் பெயரையே இரண்டு விரலால் அடித்துக் குதறி வைத்தார். அக்கா உட்கார்ந்து, ஜன்னலைப் பார்த்துக்கொண்டே ஒரு பிழையில்லாமல் அடித்தார். "இந்த அம்மாவே இருக்கட்டும்" என்றார் முதலாளி. அன்றிலிருந்து மேலாளர் ஒவ்வொரு கடிதத்துக்கும் அக்காவின் நாற்காலி அருகே வந்து நின்றார். "சொல்லுங்க சார், என்ன அடிக்கணும்?" என்று அக்கா கேட்கும்போதெல்லாம் எனக்கு மனம் குளிர்ந்தது.

சாவு வீட்டுக்கு மாலையோடு வந்த அந்த மனிதர் அக்காவின் தாயிடம் சொன்னார்: "ஒங்க பொண்ணுக்குக் கம்ப்யூட்டர் கத்துக்குடுத்ததே நாந்தாங்கம்மா." பிணத்தின் முன்னால் சண்டை வேண்டாம் என்று வெளியே வந்துவிட்டேன்.

இப்போது அவர் தினமும் அந்த விசைகளோடு மல்லுக்கட்டுகிறார். அக்கா எனக்கு விட்டுப்போனது அந்த ஒரு வரி எங்கே இருக்கிறது என்பதுதான். அழிக்க ஒரு நிமிடம் ஆகாது. சார், என் சீட்டைக் கிழித்தாலும் கிழியுங்கள். முதலில் சுரக்குடிக்குப் போய், அந்தத் தாயிடம் நீங்கள் சொன்னது பொய் என்று சொல்லிவிட்டு வாருங்கள்.

வந்த பிறகும் நான் சொல்ல மாட்டேன்.