மாமாவின் துப்பாக்கிக்குப் பொட்டு

எங்கள் தெருவில் துப்பாக்கி வைத்திருந்த ஒரே மனிதர் என் மாமாதான். அந்தத் துப்பாக்கியால் நாலாம் வகுப்பில் எனக்குக் கிடைத்த மரியாதை கொஞ்சநஞ்சமல்ல. என் ரப்பரைத் திருடியவனை, "எங்க மாமாகிட்ட சொன்னா ஒரே டப்புதான்" என்று சொல்லியே அழவைத்திருக்கிறேன். அது மனிதர்களைச் சுடுகிற துப்பாக்கி இல்லை, நாற்காலியின் பின்பக்கத்தைச் சுடுகிற துப்பாக்கி என்ற சின்ன விவரத்தை மட்டும் நான் யாரிடமும் சொன்னதில்லை.

மாமா அம்மாவின் தம்பி. ஓசூரில் தொழிற்பேட்டைக்குப் பின்னால் ஒரு தகரக் கொட்டாயில் சோபாவுக்கும் ஆபீஸ் நாற்காலிக்கும் ரெக்சின் அடித்துக் கொடுத்துக்கொண்டிருந்தார். சட்டத்தின் மேல் பஞ்சை வைத்து, ரெக்சினை இழுத்துப் பிடித்து, ஓரமெல்லாம் வரிசையாகப் பின் அடிக்க வேண்டும். அதற்காகப் பெங்களூர் போய் பேட்டரியில் ஓடும் ஸ்டேப்ளர் ஒன்றை வாங்கி வந்தார். ஒயர் கிடையாது. கைப்பிடிக்கு அடியில் பேட்டரி, விரல் படும் இடத்தில் விசை, முன்னால் நீண்ட மூக்கு. கொட்டாயில் எல்லாரும் அதைக் 'கன்' என்றார்கள்.

அந்த மூக்கை மரத்தில் வைத்து அழுத்தினால்தான் விசை வேலை செய்யும். காற்றில் பிடித்துக்கொண்டு எத்தனை முறை விசையை அழுத்தினாலும் சும்மா இருக்கும். செய்தவன் அவ்வளவு யோசித்துச் செய்திருந்தான். மாமாவும் யோசித்தார். ஒவ்வொரு பின்னுக்கும் மூக்கை அழுத்திக்கொண்டிருந்தால் வேலை எப்போது ஓடுவது? வாங்கி வந்த வாரமே மூக்கை உள்ளே தள்ளி, அப்படியே நிற்கும்படி செம்புக் கம்பியால் இறுக்கிக் கட்டிவிட்டார். அதன் பிறகு கன் எந்தப் பக்கம் பார்த்தாலும் சுட்டது.

சாயங்காலம் நான் கொட்டாய்க்குப் போனால் மாமா ஒற்றைக் கண்ணை மூடிக்கொண்டு என் தலைக்கு மேல் சுவரைப் பார்த்து ஒரு பின்னைப் பறக்கவிடுவார். டப். நான் விழுந்து சாவேன். நன்றாகச் சாவேன். எனக்கு இருந்த ஒரே திறமை அதுதான். சில நாள் அவர் சுடுவதற்கு முன்பே அவசரப்பட்டுச் செத்திருக்கிறேன்.

அப்படி ஒருநாள் நான் ரெக்சின் துண்டுகளுக்கு நடுவில் செத்துக் கிடந்தபோதுதான் அக்கா டிபன் கேரியரோடு உள்ளே வந்தாள். பாலிடெக்னிக் முடித்து ஒரு கம்பெனியில் அப்ரண்டிஸும் முடித்திருந்தவள். என் சாவை அவள் ரசிக்கவில்லை.

"இது வெளையாட்டுச் சாமான் இல்ல மாமா. ஆள் பக்கம் நீட்டக் கூடாது. மூக்கக் கட்டி வெக்கக் கூடாது. சும்மா தொடைக்கறதுக்குக் கை வெச்சாலும் மொதல்ல பேட்டரியக் கழட்டிடணும். எங்க கம்பெனில மொத நாளே இதத்தான் சொல்லிக் குடுத்தாங்க."

"அது கம்பெனி. இது கொட்டாயி," என்றார் மாமா. "கொட்டாய்க்கு ஏத்த மாதிரிதான் கன்னு."

நான் பிணமாக இருந்ததை மறந்து எழுந்து நின்று, இடுப்பில் கையை வைத்துக்கொண்டு, "மொத நாளே இதத்தான் சொல்லிக் குடுத்தாங்க" என்று அக்காவைப் போலவே பேசிக் காட்டினேன். மாமா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். யாரைச் சிரிக்க வைத்தால் லாபம் என்று எனக்கு அந்த வயதிலேயே தெரிந்திருந்தது.

இந்த மாமாவுக்குத்தான் அக்கா என்பது எங்கள் சொந்தத்தில் எல்லாருக்கும் தெரிந்த சங்கதி. அவள் பிறந்த அன்றே, "தம்பிக்குப் பொண்ணு பொறந்தாச்சி" என்று அம்மா சொன்னாளாம். பிறந்த குழந்தையிடம் சம்மதமா என்று யாரும் கேட்டதாகத் தெரியவில்லை. இருபது வயது தாண்டிய பிறகும் கேட்கவில்லை. அவளாகத்தான் ஒருநாள் சாப்பாட்டுத் தட்டைத் தள்ளி வைத்துவிட்டு, வேலைக்குப் போக வேண்டும், கல்யாணம் இப்போது வேண்டாம் என்றாள். அம்மா கரண்டியைக் கீழே போட்டாள். லேத் பட்டறையில் வேலை செய்து செய்து சத்தத்துக்குப் பழகிப்போயிருந்த அப்பா, நிதானமாக மோரை ஊற்றிப் பிசைந்து முடித்துவிட்டுச் சொன்னார்.

"நெரந்தர வேலை கெடச்சா ரெண்டு வருசம் கழிச்சிப் பேசலாம். கெடைக்கலன்னா தையில கல்யாணம். அதுக்கு மேல உங்கம்மாகிட்ட மல்லுக்கட்ட என்னால முடியாது பாப்பா."

பாகலூர் பக்கம் சர்க்யூட் போர்டு செய்கிற ஒரு கம்பெனியில் அக்கா ஏற்கனவே எழுத்துத் தேர்வில் தேறியிருந்தாள். ஆயுத பூஜை லீவு முடிந்த திங்கட்கிழமை விரல் டெஸ்ட். பொடிப்பொடித் திருகுகளை இடுக்கியால் எடுத்து, குறித்த நேரத்துக்குள் துளைக்கு ஒன்றாக நிறுத்த வேண்டும். அதற்கு அவள் வீட்டில் கடுகை வைத்துப் பழகினாள். தட்டில் கடுகைக் கொட்டி, ஒவ்வொன்றாக இடுக்கியால் எடுத்துப் பேனா மூடிக்குள் போடுவாள். நான் பூனை மாதிரி பக்கத்தில் போய் உட்கார்ந்து, மூடி நிறையும் சமயம் பார்த்து 'பூ' என்று ஊதுவேன். கடுகு வீடெல்லாம் ஓடும். அக்கா திட்ட மாட்டாள்.

"இன்னொருக்கா ஊதுடா," என்பாள். "அங்க ஃபேன் போட்டிருப்பாங்க இல்ல."

அக்காவுக்குப் பயிற்சி கொடுக்கிற பெருமையில் நானும் வாய் வலிக்க வலிக்க ஊதினேன்.

ஆயுத பூஜைக்கு ஓசூரே செண்டுமல்லி வாசனை அடிக்கும். தளியிலிருந்தும் கெலமங்கலத்திலிருந்தும் பூ மூட்டைகள் வந்து இறங்கும். பஸ், லாரி, மண் அள்ளும் வண்டி எல்லாம் வாழைக்கன்று கட்டிக்கொண்டு மாப்பிள்ளை மாதிரி திரியும். கொட்டாயைக் கழுவி, ஒரு பலகையில் சுத்தியல், கத்தரி, தையல் மிஷின் எல்லாவற்றையும் வரிசையாக வைத்திருந்தார்கள். நடுவில் கன். பொரிமூட்டைக்குக் காவலாக என்னைப் போட்டிருந்தார்கள். திருடனையே காவலுக்குப் போட்டால் என்ன நடக்குமோ அது நடந்துகொண்டிருந்தது.

அக்கா பேட்டரியைக் கழற்றி, பக்கத்தில் ஒரு வெற்றிலையின் மேல் வைத்துவிட்டு, கன்னைத் துடைத்தாள். மாமா வந்து பார்த்தார்.

"யாரு கழட்னது?"

"நான்தான் மாமா. ஆளாளுக்கு இது மேல கை வெக்கறாங்க. பூஜ முடிஞ்சதும் மாட்டிக்கலாம்."

"பூஜைல மூளியா வெக்கக் கூடாது புள்ள. தலைய வெட்டி வெச்ச மாதிரி இருக்குது." என் பக்கம் திரும்பினார். "மாப்ள, பஸ்ஸுக்குப் பூஜ போடறப்ப டயரக் கழட்டி வெச்சிட்டா போடறாங்க?"

வாய் நிறையப் பொரியோடு, "இல்ல மாமா" என்று நான் உரக்கச் சொன்னேன். மாமா சடக்கென்று பேட்டரியை மாட்டினார். சின்னதாக ஒரு பச்சை விளக்கு எரிந்தது. சாமிக்கு முன்னால் அது பாட்டுக்கு எரிவது அம்மாவுக்கு மிகவும் பிடித்துப்போயிற்று.

"கம்பியயாச்சும் அவுத்துருங்க," என்றாள் அக்கா.

"நல்ல நாளும் அதுவுமா அவுக்கறது, பிரிக்கறதுன்னு பேசாத."

அம்மா குங்குமக் கிண்ணத்தை அக்காவின் கையில் கொடுத்தாள். நாளைக்கு இந்தக் கொட்டாய்க்கு வரப்போகிறவள் கையால் பொட்டு வைத்தால்தான் தொழில் விளங்கும் என்றாள். அக்கா வாங்கிக்கொண்டாள். சுத்தியலுக்கு வைத்தாள், கத்தரிக்கு வைத்தாள், தையல் மிஷினுக்கு வைத்தாள். கன்னுக்கு வந்ததும் பக்கவாட்டில், உடம்பின் மேல் ஒரு பொட்டு வைத்துவிட்டு நகர்ந்தாள்.

"முதுகுலயா பொட்டு வெப்பாங்க? மொகத்துல வை பாப்பா," என்றாள் அம்மா.

கன்னுக்கு முகம் என்றால் மூக்குதான். கற்பூரத் தட்டும் ஏற்றியாகிவிட்டது. எல்லாரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அக்கா மோதிர விரலைக் குங்குமத்தில் தொட்டு, ஓரமாக நின்றபடி, மெல்ல நீட்டினாள். அதே நேரம் இந்தப் பக்கம் மாமா செண்டுமல்லிச் சரத்தைக் கைப்பிடியில் இரண்டு சுற்றுச் சுற்றி, முடிச்சுப் போட்டு இழுத்தார். சரம் விசையின் மேல் ஏறி இறுகியது.

டப்.

நான் வழக்கம்போல விழுந்து செத்தேன். பொரி சிதற, கையைக் காலை உதறி, நாக்கை வெளியே தள்ளி, அதுவரை செத்ததிலேயே சிறந்த சாவாகச் செத்தேன். யாரும் சிரிக்கவில்லை. ஒரு கண்ணைத் திறந்து பார்த்தேன். அக்கா தன் விரலையே பார்த்துக்கொண்டு நின்றாள். விரல் ஏற்கனவே சிவப்பாக இருந்ததால் யாருக்கும் முதலில் ஒன்றும் தெரியவில்லை. தரையில் சொட்டிய பிறகுதான் அம்மா அலறினாள்.

அலறினாலும் அம்மாவுக்கு நிதானம் தவறவில்லை. "ஏத்தின கற்பூரத்த அணைக்கக் கூடாது. சீக்கிரம் காட்டி முடி தம்பி," என்றாள். மாமா அவசர அவசரமாகத் தட்டைச் சுற்றினார். கற்பூரம் அடங்கும்வரை அக்கா விரலை முந்தானையில் சுற்றிப் பிடித்துக்கொண்டு சாமியைப் பார்த்து நின்றாள். அப்பா மட்டும் குனிந்து பேட்டரியைக் கழற்றினார்.

பின்னின் ஒரு கால் விரலின் மேல் மூட்டுக்குள் போயிருந்தது. ஆஸ்பத்திரியில் எடுத்துத் தையல் போட்டார்கள். அந்த மூட்டு இனி முழுசாக மடங்காது என்றார் டாக்டர். வராந்தாவில் மாமா குலுங்கிக் குலுங்கி அழுதார். பொய்யழுகை இல்லை. சாவதில் கரைகண்ட எனக்கு நடிப்பு எது, நிஜம் எது என்று தெரியும். "இவள நான் கண்ணுல வெச்சிக் காப்பாத்தறன்கா," என்று அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னார்.

இரண்டு நாளில் சொந்தக்காரர்கள் அத்தனை பேரும் வந்து போனார்கள். விரல் ஊனமான பெண்ணை வெளியில் யார் கட்டுவார்கள், அவனுக்குப் பெரிய மனசு என்றார்கள். பொட்டு வைக்கிறவள் பார்த்து வைத்திருக்க வேண்டாமா என்றும் சொன்னார்கள். கம்பியைப் பற்றி யாரும் வாய் திறக்கவில்லை. பெரிய மனசும் கம்பிக் கட்டும் ஒரே ஆளுடையவை என்பதை எடுத்துச் சொல்ல எங்கள் சொந்தத்தில் யாருக்கும் வாய் இல்லை.

திங்கட்கிழமை அக்கா டெஸ்ட்டுக்குக் கிளம்பினாள். அப்பாவின் மொபெட்டில் முன்னால் நான் நின்றேன். பின்னால் அக்கா, மடியில் பெரிய வெள்ளைக் கட்டோடு ஒரு கை, மறு கையில் இடுக்கி. கம்பெனி கேட்டில் நின்ற ஒரு ஆபீசர் அம்மா அந்தக் கட்டைப் பார்த்ததும் தலையை ஆட்டினாள்.

"இடுக்கி பிடிக்க இந்த வெரல் வேண்டாம் மேடம். கட்டை வெரலும் ஆள்காட்டி வெரலும் போதும். வேணும்னா இங்கயே செஞ்சி காட்றன்," என்றாள் அக்கா.

"புரியுதும்மா. காயத்தோட யாரையும் உள்ள விடக் கூடாது. சேஃப்டி ரூல். ஆறினதும் வாங்க."

அக்கா அதற்கு மேல் கேட்கவில்லை. அந்த ரூல் சரியானது என்று அங்கிருந்தவர்களில் அவளுக்குத்தான் நன்றாகத் தெரியும். திரும்பும் வழியில் அப்பா எனக்கு ஒரு தேங்காய் பன் வாங்கிக் கொடுத்தார். டெஸ்ட் தினமும் நடந்தால் நன்றாயிருக்கும் என்று நினைத்துக்கொண்டேன். காயம் ஆறி அவள் மறுபடி போனபோது அந்த வேலைக்கு ஆள் எடுத்து முடித்திருந்தார்கள். தையும் வந்துவிட்டது.

எனக்கென்றால் எல்லாமே நல்ல செய்தி. மாமா எங்கள் வீட்டு மாப்பிள்ளையாகவே ஆகிவிடுவார், கன்னும் கூடவே வரும், கல்யாணம் முடிந்ததும் ஒரு பின் சுடத் தருவதாக வாக்கும் கொடுத்திருந்தார்.

கொட்டாய் இன்றைக்கும் இருக்கிறது. அந்தக் கன் போய் வேறு கன் வந்துவிட்டது. ஆயுத பூஜையன்று எல்லாருக்கும் முன்னால் அக்கா போய், பேட்டரியைக் கழற்றி இடுப்பில் செருகிக்கொண்டு, கம்பியை அவிழ்த்துவிட்டு, தானே பொட்டு வைக்கிறாள். பூஜை முடியும்வரை பேட்டரி அவள் இடுப்பில்தான். மாமா தகரக் கூரையைப் பார்த்துக்கொண்டு நிற்பார். மூளியாக இருக்கிறது என்று ஒருநாளும் சொன்னதில்லை. மறுநாள் கம்பி பழையபடி ஏறிவிடும்.

ஆனால் நான் சொல்ல வந்தது கல்யாணத்தன்று நடந்தது. தாலி கட்டி முடித்து, குறுகிய வாய் வைத்த பானையில் தண்ணீர் ஊற்றி, மோதிரத்தைப் போட்டு, இரண்டு பேரையும் கை விட்டு எடுக்கச் சொன்னார்கள். அக்கா அந்த விறைத்த விரலை ஒதுக்கி வைத்துக்கொண்டு, கட்டை விரலாலும் ஆள்காட்டி விரலாலும் முதல் தடவையே எடுத்துவிட்டாள். இரண்டாம் தடவையும் அவள்தான். மூன்றாம் தடவை மாமா தண்ணீரைக் கலக்கோ கலக்கென்று கலக்கினார். அவள் கண்ணை மூடிக்கொண்டு எடுத்து வந்து, இரண்டு விரல் நுனியில் கடுகைப் பிடிப்பது போல மோதிரத்தைப் பிடித்துக் காட்டினாள். கூட்டம் ஓவென்று கத்தியது. எனக்கும் அங்கே ஏதாவது செய்தாக வேண்டும் போலிருந்தது. நாற்காலியின் மேல் ஏறி நின்று கத்தினேன்.

"டெஸ்ட்ல பாஸ்! திங்கக்கெழம வேலைக்கு வந்துருங்க மேடம்!"

மண்டபமே சிரித்தது. மாமா சிரித்தார், அம்மா சிரித்தாள். அப்பா மட்டும் பந்தியைக் கவனிக்கப் போவது போல எழுந்து போனார். எல்லாரையும்விட அதிகமாகச் சிரித்தது அக்காதான். சிரிப்பை அடக்க முடியாமல் ஈரக் கையால் முகத்தைப் பொத்திக்கொண்டாள். பொத்திய பிறகும் தோள் குலுங்கிக்கொண்டே இருந்தது. கையை எடுத்தபோது மை கரைந்து முகமெல்லாம் தண்ணீர். பானைத் தண்ணீர் என்றுதான் நினைத்தேன். நான் அடித்த ஜோக்குகளிலேயே அவ்வளவு சிரிப்பை வாங்கியது அதுதான் என்று வெகுநாள்வரை பார்க்கிறவர்களிடமெல்லாம் பெருமையாகச் சொல்லிக்கொண்டு திரிந்தேன்.